வெல்டிங் அடிப்படைகள்: வெப்பம், காற்று, உருகிய குட்டை

வெல்டிங் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நீல வெளிச்சமும் தெறிக்கும் பொறியும்தான். ஆனால் வேலை நடக்கும் இடம் அந்த வெளிச்சத்துக்குச் சற்றுக் கீழே, சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிடக்கும் உருகிய உலோகக் குட்டை. இரண்டு துண்டுகளின் ஓரமும் உருகி, அந்தக் குட்டையில் கலந்து, சேர்ந்தே உறைந்தால்தான் அது வெல்டு. ஒரு பக்க ஓரம் உருகாமலே அதன்மேல் உலோகம் வழிந்து உறைந்திருந்தால், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வெறும் ஒட்டு. சுமை வந்ததும் உரிந்துவிடும். அதனால் கற்க வருபவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ராடின் முனையைப் பார்க்காதீர்கள், குட்டையின் விளிம்பைப் பாருங்கள். அது இரண்டு பக்கமும் ஏறிப் பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி.

எந்த வெல்டிங் முறையானாலும் மூன்று விஷயங்களுக்கு அது வழி செய்தாக வேண்டும். உருக்கும் வெப்பம் எங்கிருந்து வருகிறது, உருகிய உலோகத்தைக் காற்றிடமிருந்து எது காக்கிறது, இடைவெளியை நிரப்பும் உலோகம் எப்படி வந்து சேர்கிறது. முறைகளுக்குள் இருக்கும் வேறுபாடெல்லாம் இந்த மூன்றில்தான் இருக்கிறது. எங்கே தவறு நடந்தது என்று தேடும்போதும் இந்த மூன்றையே வரிசையாகச் சோதித்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

காற்று ஏன் இவ்வளவு பெரிய எதிரி? உருகிய எஃகு காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் தாராளமாக இழுத்துக்கொள்ளும். உறையும்போது அவற்றை வைத்துக்கொள்ள இடமிருக்காது. வெளியேற முடியாமல் சிக்கிய வாயு துளைத்துளையாக நின்றுவிடும். நைட்ரஜன் கூடினால் உலோகம் நொறுங்கும் தன்மை பெறும். ஈரம், எண்ணெய், பெயின்ட், துரு ஆகியவற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் இன்னும் மோசம். அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

ஆர்க் வெல்டிங்

கையில் ராடு பிடித்துச் செய்யும் வெல்டிங்கைத்தான் பட்டறைகளில் பொதுவாக ஆர்க் வெல்டிங் என்கிறோம். ராடின் முனைக்கும் வேலைத்துண்டுக்கும் நடுவே மின்வில் (ஆர்க்) எரிகிறது. அதன் வெப்பம் பல்லாயிரம் டிகிரி, எஃகு உருகச் சுமார் 1500 டிகிரி செல்சியஸே போதும். ராடின் உள்கம்பியே உருகி நிரப்பு உலோகமாகிறது. மேல்பூச்சு எரிந்து புகையாகவும் கசடாகவும் மாறிக் குட்டையை மூடுகிறது. தனி கேஸ் சிலிண்டர் வேண்டாம், கொஞ்சம் காற்றடித்தாலும் தாங்கும். அதனால்தான் திறந்தவெளி வேலைகளில் இது இன்றும் அசையாமல் நிற்கிறது.

ராடின் மேல் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 6013 என்றால், முதல் இரண்டு இலக்கம் வெல்டு உலோகத்தின் இழுவலிமை: சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு, அதாவது சுமார் 415 மெகாபாஸ்கல். மூன்றாவது இலக்கம் 1 என்றால் எல்லா நிலையிலும் வைக்கலாம். 2 என்றால் தரைநிலையும் கிடைமட்ட மூலையும் மட்டும். கடைசி இலக்கம் பூச்சின் வகையையும் அதற்கேற்ற மின்னோட்டத்தையும் சொல்கிறது. 6013 எளிதில் பற்றும், கசடு தானாகக் கழன்று வரும், ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும், கேட், கிரில், மெல்லிய குழாய் வேலைகளுக்கு அதுவே போதும். ஆனால் பாரம் தாங்கும் வேலைக்கும் கனமான தகட்டுக்கும் அதையே எடுக்கும் பழக்கம் சரியில்லை. அங்கே 7018 வேண்டும்.

7018 வாங்குவது எளிது, அதைக் காய்ந்த நிலையில் வைத்திருப்பதுதான் கடினம். அதன் பூச்சு ஹைட்ரஜனைக் குறைப்பதற்காகவே தயாரிக்கப்பட்டது. பாக்கெட்டைப் பிரித்து ஈரக்காற்றில் போட்டுவைத்தால் அந்த நோக்கமே போய்விடும். ஈரம் பிடித்த ராடைத் தயாரிப்பாளர் சொல்லும் வெப்பநிலையில், பொதுவாக 250 முதல் 350 டிகிரி வரை, ஒன்று இரண்டு மணி நேரம் சுட்டெடுத்து, பிறகு 120 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வெயிலில் காயவைப்பது இதற்கு ஈடாகாது. 6013 ராடை இப்படிக் கடுமையாகச் சுடக்கூடாது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். அதன் பூச்சு ஒழுங்காக எரியக் கொஞ்சம் ஈரம் தேவை.

கரெண்ட் எவ்வளவு வைப்பது? ராடின் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 30 முதல் 40 ஆம்பியர் என்று தொடங்கலாம். நடைமுறையில் இது சற்று ஏறி இறங்கி, 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90, 3.15 மி.மீ.க்கு 90 முதல் 130, 4 மி.மீ.க்கு 140 முதல் 180 என்ற எல்லைக்குள் அமையும். குறைவாக இருந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும், பீடு (உறைந்து நிற்கும் வெல்டு வரி) குறுகி மேடாக நிற்கும், ஓரம் பிடிக்காது. அதிகமானால் ராடே சிவந்துபோகும், பொறி நிறையத் தெறிக்கும், பீடின் ஓரத்தில் தகடு அரிக்கப்பட்டுப் பள்ளம் விழும். செங்குத்தாகக் கீழிருந்து மேலே போகும்போதும் தலைக்கு மேல் வைக்கும்போதும் பத்துப் பதினைந்து சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள், குட்டை சொட்டாமல் நிற்கும்.

ஆர்க்கின் நீளம் ராடின் உள்கம்பி விட்டத்துக்கு மேல் போகக்கூடாது. 7018 என்றால் அதைவிடவும் நெருக்கம். ராடு எரிந்து குறையக் குறையக் கை தானாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். கை பக்கவாட்டில் நகர்கிறது, கீழே இறங்க மறக்கிறது. ஆர்க் நீண்டதும் சத்தம் மாறும், பொறி சிதறும், காற்று உள்ளே நுழையும், குட்டை அலையும். ராடைப் போகும் திசைப்பக்கம் 10 முதல் 15 டிகிரி சாய்த்து, குட்டையைப் பின்னால் விட்டுக்கொண்டு இழுத்துச் செல்லுங்கள். கசடு குட்டைக்கு முன்னால் ஓடிவந்தால் ஒன்று வேகம் போதவில்லை, இல்லை சாய்வு தப்பு. அப்படியே தொடர்ந்தால் அந்தக் கசடு வெல்டுக்குள் புதைந்துவிடும்.

மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்க் வெல்டிங்குக்கும் ஆர்கான் வெல்டிங்குக்கும் நிலையான கரெண்ட் தரும் மெஷின் வேண்டும், கை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் ஆம்பியர் பெரிதாக மாறாது. ஒயர் ஓடும் முறைகளுக்கு நிலையான வோல்டேஜ் தரும் மெஷின் வேண்டும். பெயர்ப்பலகையில் 200 ஆம்பியர், 60 சதவீதம் என்று இருந்தால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அந்த 200இல் ஓட்டலாம், நான்கு நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று பொருள். வேலைத்துண்டை மெஷினோடு இணைக்கும் எர்த் கிளாம்ப்பைத் துருவின் மேலோ பெயின்ட்டின் மேலோ மாட்டிவிட்டு மெஷினைக் குறை சொல்பவர்கள் நிறைய. கிளாம்ப் பிடிக்கும் இடத்தையும் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள், கிளாம்ப்பை ஜாயின்ட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

ஒயர் ஓடும் முறைகள்

சி.ஓ.2 வெல்டிங் என்று நம்மவர்கள் சொல்வது மிக் அல்லது மேக் முறை. சுருளிலிருந்து ஒயர் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும், அதைச் சுற்றிக் கேஸ் வரும். எஃகுக்குத் தனிக் கார்பன் டை ஆக்சைடும் ஓடும். 80 பங்கு ஆர்கானும் 20 பங்கு கார்பன் டை ஆக்சைடும் கலந்த கேஸில் பொறி குறைவு, பீடு ஒழுங்கு. அலுமினியத்துக்குத் தனி ஆர்கான். கேஸ் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர். துளை விழுகிறது என்று 25, 30 என ஏற்றிக்கொண்டே போனால் நிலைமை மோசமாகும். வேகமாகப் பாயும் கேஸ் சுழன்று வெளிக்காற்றைத் தானே உள்ளே இழுத்துவரும். துளைக்குக் காரணம் பெரும்பாலும் கேஸ் வெளிவரும் நாசிலுக்குள் அடைத்திருக்கும் பொறிக்கட்டி, மின்விசிறிக் காற்று, அல்லது கேஸ் குழாயில் ஓட்டை.

இதில் ஒயர் வேகத்தைக் கூட்டினால் ஆம்பியர் கூடும்; வோல்டேஜைக் கூட்டினால் ஆர்க் நீண்டு பீடு அகன்று தட்டையாகும். இரண்டும் பொருந்தினால் சத்தம் சீராக, இடைவிடாமல் இருக்கும். ஒயர் தகட்டில் குத்திக் கையைத் தள்ளினால் வோல்டேஜ் போதாது, அல்லது ஒயர் வேகம் அதிகம். ஒயரின் முனை உருண்டையாகி, ஒயர் வெளிவரும் டிப்பில் திரும்ப ஒட்டினால் நேர்மாறு. டிப்பிலிருந்து வெளியே நிற்கும் ஒயர் 10 முதல் 15 மி.மீ. போதும், அது நீண்டால் ஆம்பியர் இறங்கி, கேஸ் பாதுகாப்பும் தளரும்.

இந்த முறையின் பெரிய ஆபத்து, அது மிக எளிதாக இருப்பதுதான். அரை மணி நேரப் பழக்கத்தில் யார் வேண்டுமானாலும் அழகான பீடு போட்டுவிடலாம். குறைந்த வோல்டேஜில் ஒயர் விட்டுவிட்டுத் தொட்டு உருகும் ஓட்டம் மெல்லிய தகட்டுக்காக உள்ளது, 0.8 மி.மீ. ஒயரில் 1 முதல் 3 மி.மீ. வரை அருமையாக வேலை செய்யும். அதே செட்டிங்கில் 10 மி.மீ. தகட்டில் வைத்தால், ஒயர் உருகும், தகடு உருகாது. மேலே பார்த்தால் குறை தெரியாது, சுத்தியலால் அடித்தால் பீடு மொத்தமாகக் கழன்று வரும், அடியில் தகட்டின் பழைய மேற்பரப்பு அப்படியே இருக்கும். கனமான தகட்டுக்கு ஆர்கான் அதிகமுள்ள கேஸில் வோல்டேஜை நன்றாக உயர்த்தி, உலோகம் நுண்துளிகளாகத் தூவப்படும் ஓட்டத்துக்குப் போக வேண்டும். அந்தக் குட்டை பெரிது, நீர்த்தது. தரைநிலையிலும் கிடைமட்ட மூலையிலும்தான் நிற்கும்.

ஒயரின் உள்ளே ஃப்ளக்ஸ் பொடி (ராடின் மேல்பூச்சுபோல் குட்டையைக் காப்பது) நிரப்பிய வகைதான் ஃப்ளக்ஸ் கோர். கேஸோடு ஓடும் வகையும் உண்டு, கேஸே இல்லாமல் ஓடும் வகையும் உண்டு. கேஸ் வேண்டாத ஒயருக்கு பெரும்பாலும் டார்ச் (கையில் பிடிக்கும் பகுதி) நெகட்டிவில் இருக்க வேண்டும், சாதாரண ஒயருக்கு டார்ச் பாசிட்டிவில். ஒயரை மாற்றியவர் மெஷினுக்குள் இருக்கும் பாசிட்டிவ், நெகட்டிவ் இணைப்பை மாற்ற மறந்தால், பொறி மழையும் ஒழுங்கற்ற பீடும்தான் கிடைக்கும். உருளைகளையும் பாருங்கள்: திட ஒயருக்கு வி வடிவப் பள்ளம், ஃப்ளக்ஸ் கோருக்குச் சொரசொரப்பான பள்ளம், அலுமினியத்துக்கு யு வடிவப் பள்ளம்.

ஆர்கான் வெல்டிங்

ஆர்கான் வெல்டிங் என்று நாம் சொல்லும் டிக் முறையில் வெப்பமும் நிரப்பு உலோகமும் தனித்தனி; ஆர்க் எரிவது டார்ச்சில் இருக்கும் டங்ஸ்டன் ஊசியின் முனையில். டங்ஸ்டன் 3422 டிகிரியில்தான் உருகும் என்பதால் அந்த ஊசி ஆர்க்கை மட்டும் தாங்கி நிற்கும், கரையாது. நிரப்புக்கம்பியை மறுகையால் தொட்டுத் தொட்டு ஊட்ட வேண்டும். அதனால் மெதுவான முறை, ஆனால் குட்டை முழுதும் உங்கள் கட்டுப்பாட்டில். மெல்லிய எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), குழாயின் முதல் ரன் (ஒரே ஓட்டத்தில் வைக்கும் வெல்டு), அலுமினியம் எல்லாம் இதில்தான் சீராக வரும்.

எஃகுக்கும் எஸ்.எஸ்.க்கும் டி.சி., டார்ச் நெகட்டிவ். வெப்பத்தின் பெரும்பங்கு வேலைத்துண்டுக்குப் போகும், ஊசி குளிர்ச்சியாக இருக்கும். அலுமினியத்துக்கு ஏ.சி. வேண்டும், அதற்குக் காரணமுண்டு. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேலிருக்கும் ஆக்சைடு படலமோ 2000 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். ஏ.சி.யில் ஊசி பாசிட்டிவாக இருக்கும் அரைச் சுற்று அந்தப் படலத்தை உடைக்கிறது, நெகட்டிவ் அரைச் சுற்று உலோகத்தை உருக்குகிறது. இதற்கு முன்பே அசிட்டோனால் துடைத்து, எஃகில் பயன்படுத்தாத தனி எஸ்.எஸ். பிரஷ்ஷால் தேய்த்திருக்க வேண்டும். அலுமினியம் உருகுமுன் சிவக்காது என்பதால், மேற்பரப்பு திடீரெனக் கண்ணாடிபோல் பளபளக்கும் கணத்தைப் பிடிக்கக் கண் பழக வேண்டும்.

ஊசியைத் தீட்டும்போது கோடுகள் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே தீட்டினால் ஆர்க் அலையும். தீட்டும் நீளம் விட்டத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு. சிவப்புப் பட்டை ஊசியில் தோரியம் இருக்கிறது, அதற்குச் சிறிதளவு கதிரியக்கம் உண்டு. அதன் தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். லாந்தனம் கலந்த ஊசி அதே வேலையைச் செய்யும் என்பதால் புதிதாக வாங்குபவர்கள் அதையே வாங்கலாம். ஊசி குட்டையைத் தொட்டுவிட்டால் நிறுத்துங்கள், முனையை உடைத்து மறுபடி தீட்டுங்கள். அழுக்கு ஊசியோடு தொடர்ந்தால் வெல்டில் டங்ஸ்டன் துணுக்கு போய்ச் சேரும். முடித்ததும் டார்ச்சை உடனே தூக்காமல், கேஸ் நிற்கும்வரை அங்கேயே பிடியுங்கள். பத்து ஆம்பியருக்கு ஒரு வினாடி என்பது வழக்கமான கணக்கு.

எஸ்.எஸ். குழாயின் உட்பக்கத்தையும் ஆர்கானால் நிரப்ப வேண்டும். இல்லையென்றால் உள்ளே கருகிப் பொரிந்த மேடு வரும், அங்கே துரு தொடங்கும். எஸ்.எஸ். வெப்பத்தை மெதுவாகக் கடத்தும், எஃகைவிட அதிகமாக விரியும். அதனால் கோணலாவதும் அதிகம். குறைந்த வெப்பம், சிறு பீடு, ஒவ்வொரு ரன்னுக்கும் நடுவே ஆறவிடுதல், இவைதான் வழி. எஃகையும் எஸ்.எஸ்.ஸையும் இணைக்க 309 வகை நிரப்பு எடுங்கள்.

மற்ற முறைகள்

கேஸ் வெல்டிங்கில் ஆக்சிஜனும் அசிட்டிலீனும் சேர்ந்து எரியும் சுடர் 3100 டிகிரியைத் தொடும். வெல்டிங்குக்கு நடுநிலைச் சுடர்; உள்கூம்பு கூர்மையாகத் தெளிவாக இருக்க வேண்டும். அசிட்டிலீன் மிகுந்தால் எஃகில் கார்பன் ஏறும், ஆக்சிஜன் மிகுந்தால் உலோகம் கொதித்து எரியும். அசிட்டிலீனை ஒரு பாருக்கு மேல் அழுத்தத்தில் பயன்படுத்தக் கூடாது, காற்றே இல்லாமலும் அது வெடித்துச் சிதறக்கூடியது. சிலிண்டருக்குள் அது அசிட்டோனில் கரைந்திருக்கிறது, அதனால் நிமிர்த்தியே வைக்க வேண்டும். ஆக்சிஜன் ரெகுலேட்டரில் ஒரு சொட்டு எண்ணெயும் படக்கூடாது.

ஸ்பாட் வெல்டிங்கில் நிரப்பும் இல்லை, கேஸும் இல்லை. இரண்டு தகட்டைச் செம்பு முனைகள் நெருக்கிப் பிடித்து, ஆயிரக்கணக்கான ஆம்பியரை ஒரு வினாடிக்கும் குறைவாகப் பாய்ச்சும். மின்தடை அதிகமுள்ள, இரண்டு தகடும் தொடும் நடு இடம் உருகும். முனை தேய்ந்து அகன்றுவிட்டால் கரெண்ட் பரவிப் புள்ளி பலவீனமாகும் என்பதே அங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. ஃப்ளக்ஸ் பொடிக்குள் ஆர்க் மறைந்து எரியும் முறை கனத்த தகட்டின் நீள வெல்டுகளுக்கு. தண்டவாளங்களை இணைக்கும் தெர்மிட் முறையில் அலுமினியப் பொடியும் இரும்பு ஆக்சைடும் எரிந்து உருகிய எஃகையே தந்துவிடும்.

ஜாயின்ட்டும் அளவும்

ஆர்க் பற்றுமுன்னே பாதி வெல்டு முடிவாகிவிடுகிறது. 5, 6 மி.மீ.க்கு மேற்பட்ட தகட்டை முட்டவைத்து ஒரு பக்கமிருந்தே முழுதாகப் பிடிக்க, ஓரத்தைச் சாய்த்துத் தீட்ட வேண்டும்: மொத்தக் கோணம் 60 டிகிரி, அடியில் 1.5 முதல் 2 மி.மீ. மூக்கு (சாய்க்காமல் விடும் ஓரம்), 2 முதல் 3 மி.மீ. இடைவெளி. ஜாயின்ட்டின் இரு பக்கமும் 20, 25 மி.மீ. அகலத்துக்குத் துரு, பெயின்ட், உருட்டாலைக் கருந்தோல் எல்லாம் போக கிரைண்டரால் எடுத்துவிடுங்கள்.

மூலை வெல்டைத் தேவைக்கு மேல் பெரிதாக்குவது பலமாகாது. பலத்தைத் தருவது வேரிலிருந்து வெல்டின் முகம்வரை உள்ள குறுக்குத் தடிமன். அது வெல்டின் காலில், அதாவது வெல்டு ஒவ்வொரு தகட்டிலும் படரும் நீளத்தில், 0.7 பங்கு. 6 மி.மீ. கால் வேண்டிய இடத்தில் 8 மி.மீ. வைத்தால் உலோகம் கிட்டத்தட்ட 1.8 மடங்கு செலவாகும், வெப்பமும் அத்தோடு கூடும், துண்டு வளையும். வளைவைக் கட்டுப்படுத்த முதலில் டாக் (துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் சிறு வெல்டு) நெருக்கமாக, இரு பக்கமும் மாற்றி மாற்றி வையுங்கள். நீள வெல்டைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் மொத்தத் திசைக்கு எதிராக ஓட்டினால் கோணல் கணிசமாகக் குறையும்.

தாமதமாக வரும் விரிசல்

ஹைட்ரஜன் விரிசலைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், அது வெல்டு முடிந்து ஆறிய பிறகு வரும், சிலசமயம் இரண்டு நாள் கழித்தும். அன்றைக்குச் சோதித்தால் வெல்டு நன்றாகவே இருக்கும். மூன்று விஷயம் ஒன்றுசேர்ந்தால் இது வரும்: ஹைட்ரஜன், கடினமாகிப்போன வெல்டோர உலோகம், இழுவிசை. ஈர ராடு முதலாவதைத் தரும். கார்பன் அதிகமான எஃகோ, கனத்த தகடோ குட்டையின் வெப்பத்தைச் சட்டென்று உறிஞ்சி இரண்டாவதைத் தரும். இறுகப் பிடித்த ஜாயின்ட் மூன்றாவதை. எஃகின் கார்பன் சமானம் 0.4ஐத் தாண்டினால் முன்சூடு பற்றி யோசிக்க வேண்டும். அதைக் கணக்கிட கார்பனோடு மாங்கனீஸில் ஆறில் ஒரு பங்கையும், குரோமியம், மாலிப்டினம், வனேடியம் மூன்றின் கூட்டலில் ஐந்தில் ஒரு பங்கையும், நிக்கல், செம்பு இரண்டின் கூட்டலில் பதினைந்தில் ஒரு பங்கையும் சேர்க்க வேண்டும். காய்ந்த 7018, முன்சூடு, மெதுவாக ஆறவிடுதல் மூன்றும் சேர்ந்தால் இந்த விரிசல் வரும் வாய்ப்பு பெரிதும் குறையும். கனத்த தகட்டில் சின்ன டாக்கை வெறுமனே குளிர்ந்த நிலையில் தட்டிவிட்டுப் போவதுதான் பலநேரம் இதற்குத் தொடக்கம்.

ரன் முடியும் இடத்தில் குழியை நிரப்பாமல் ராடைப் பிடுங்கினால் நட்சத்திர வடிவில் விரிசல் விழும். அது வேறு வகை, சூட்டிலேயே வருவது. முடிவில் ஒரு கணம் நின்று, சற்றுப் பின்னே வந்து குழியை நிரப்பிவிட்டு எடுத்தால் போதும்.

உடம்பு

100 முதல் 200 ஆம்பியருக்கு முகக்கவசத்தில் 10 அல்லது 11 எண் கருப்புக் கண்ணாடி. கண்ணில் ஆர்க் பட்ட எரிச்சல் உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்து மணல் விழுந்ததுபோல் அறுக்கும். பக்கத்தில் நிற்பவருக்கும் இதே கதி, திரை கட்டுங்கள். வெல்டிங் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வகைப்படுத்தியது. புகை முகத்துக்கு வருமுன் இழுத்துவிடும் உறிஞ்சி வேண்டும். எஸ்.எஸ். புகையில் ஆறிணைதிறன் குரோமியம் என்ற நச்சு இருக்கிறது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. துண்டில் பூச்சைத் தேய்த்தெடுக்காமல் வைத்தால் இரவில் காய்ச்சல் வரும். குளோரின் கலந்த கிளீனரால் துடைத்த துண்டில் ஆர்க் பற்றவைக்கவே கூடாது, பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, மணமற்றது. தொட்டிக்குள்ளும் பள்ளத்திலும் தேங்கி மூச்சை நிறுத்திவிடும். எரிபொருள் இருந்த டிரம் காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி இருக்கும், அதன்மேல் வெல்டு வைக்காதீர்கள்.

பழகும்போது உங்கள் வெல்டைக் கண்ணால் மட்டும் மதிப்பிடாதீர்கள். 6 மி.மீ. தகடு இரண்டை டி வடிவில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் மூலை வெல்டு வையுங்கள். நன்றாக ஆறியதும் வைஸில் பிடித்து, வெல்டு வைத்த பக்கமாக மடங்கும்படி சுத்தியலால் அடித்து உடையுங்கள். உடைந்த முகத்தில் நீளமாக மினுங்கும் கோடு, வேர்வரை உருகவில்லை என்பதற்கு அடையாளம்; கரெண்டைக் கூட்டி, ராடை மூலைக்குள் இன்னும் நெருக்கிப் பிடியுங்கள். கண்ணாடிபோன்ற கருப்புத் துணுக்குகள் இருந்தால் கசடு முந்தியிருக்கிறது. வட்டத் துளைகள் என்றால் ஈரமோ, அழுக்கோ, நீண்ட ஆர்க்கோ. ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில், ஓரம் முதல் ஓரம்வரை கிழிந்திருந்தால் அடுத்ததாகச் செங்குத்து நிலைக்குப் போகலாம்.